படிக்கட்டைத் தாண்டிப் போன வாசல்

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஓர் அறைக்குள் மாட்டிக்கொண்டேன்.

பூட்டிய அறை இல்லை. கதவு அகலமாகத் திறந்துதான் இருந்தது. காற்று வந்தது, வெளிச்சம் வந்தது, எதிர்வீட்டு மாடியிலிருந்து நாலைந்து பேர் எங்களை வேடிக்கை பார்ப்பதுகூடத் தெரிந்தது. ஆனால் வெளியே வரத்தான் முடியவில்லை.

குழப்பமாக இருக்கிறதா? உள்ளே உட்கார்ந்திருந்த எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதலிலிருந்து சொல்கிறேன்.

என் அக்கா விஜயாவைக் கட்டிக்கொடுத்தது தருமபுரி பக்கம் இண்டூரில். அக்கா வீட்டுக்காரர் கோவிந்தன் மாமா பொக்லைன் ஓட்டியவர். கிணறு, ஏரி, கல் குவாரி என்று இந்த மாவட்டத்தில் அவர் தோண்டாத இடம் குறைவு. முட்டி தேய்ந்துபோனதும் மெஷினை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தார் என்பதுகூடத் தப்பு. பொக்லைன் கேபினில் ஒரு லிவரைத் தொட்டால் போதும், கண்ணெதிரே ஊரே சுற்றி வரும். வீட்டு நாற்காலியில் அதெல்லாம் நடக்குமா? எப்போது நிமிர்ந்தாலும் அதே சுவர், அதே காலண்டர். மனிதர் தவித்துப் போனார்.

"மெஷின வித்துட்டாரு, ஆனா இன்னும் அதுலருந்து எறங்கல" என்பாள் அக்கா.

இந்த நேரம் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பிவைத்தார். வெளிநாட்டில் வரப்போகிற கட்டடமாம். மேகத்தைத் தொடுகிற உயரம். ஒவ்வொரு மாடியும் தனித்தனியாகச் சுற்றுமாம்... காலையில் ஜன்னலைத் திறந்தால் கடல், மாலையில் அதே ஜன்னலில் மலை. மாடிக்கும் மாடிக்கும் நடுவில் காற்றாலை, உச்சியில் சோலார். தனக்கு வேண்டிய கரண்ட்டைத் தானே தயாரித்துக்கொண்டு, மிச்சத்தை அக்கம்பக்கத்துக்கும் கொடுக்குமாம். எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்த படம்.

நீங்களும் நானும் இதைப் பார்த்தால் என்ன செய்வோம்? வாயைப் பிளக்கிற பொம்மை ஒன்றைப் போட்டு அடுத்த க்ரூப்புக்குத் தள்ளிவிடுவோம்.

மாமா வேலையை ஆரம்பித்துவிட்டார்.

பழைய மெஷின்களை உடைத்து விற்கிற இடத்திலிருந்து, பொக்லைன் கேபினைச் சுழலவைக்கிற பெரிய இரும்பு பேரிங் ஒன்றை வாங்கி வந்தார். மொட்டை மாடி நடுவில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு மேடை. மேடைமேல் பேரிங். அதன்மேல் இரும்புச் சட்டத்தில் ஓர் அறை – தகரச் சுவர், ஜன்னல்கள், ஒரே ஒரு வாசல். கூரைமேல் சோலார் பேனல், கட்டிலுக்கு அடியில் பேட்டரி. ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் செயினை இழுக்கும், அறை மெல்லச் சுற்றும்.

ஏறி இறங்கத் தெற்குப் பக்கம் ஓர் இரும்புப் படி. அறைதான் சுற்றும், படி சுற்றாது. ஆக, வாசல் தெற்கே வந்து நின்றால்தான் ஏறலாம், இறங்கலாம்.

"எதுக்கு மாமா சோலாரு? கீழருந்து ஒரு ஒயர் இழுத்தா போதாதா?" என்று கேட்டேன்.

"சுத்துற வூட்டுக்கு ஒயர் இழுத்தா முறுக்கிக்காதா?" என்றார் மாமா, என்னைப் பரிதாபமாகப் பார்த்து.

நியாயம்தானே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அக்கா மகள் நித்யா தருமபுரியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்ட். அவளுக்குக் கடத்தூரிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தது நான். பையன் பிரகாஷ், ஓசூரில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. தங்கமான பையன் என்று விசாரித்த இடமெல்லாம் சொன்னார்கள். அம்மா சரோஜா அதிகம் பேசாதவர். அப்பா பெருமாளிடம்தான் ஒரு சிக்கல் – வாஸ்து. அது அவருக்குத் தொழில் இல்லை, வியாதி. சொந்த வீட்டுச் சமையலறையை இடித்து இடித்து, அது வீடு முழுக்க ஊர்வலம் வந்துவிட்டதாகக் கேள்வி.

நித்யா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சித்தி, அந்தப் பையன்கிட்ட நான் கொஞ்ச நேரம் தனியா பேசணும். வர்றவங்க எல்லாம் காப்பி குடிக்கறாங்க, என்னைப் பாக்கறாங்க, அப்பாகிட்ட பேசிட்டுப் போயிடறாங்க. நான் என்ன ஷோரூம்ல நிக்கிற வண்டியா?"

போன் போட்டுக் கேட்டேன். "அதெல்லாம் எங்க பக்கம் பழக்கமில்லீங்க. பெரியவங்க நாம பேசிக்குவோம்" என்று முடித்துவிட்டார் பெருமாள்.

"அப்ப அவங்கள வர வேணாம்னு சொல்லிடுங்க" என்றாள் நித்யா. அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர்கள் வரட்டும், நான் எப்படியாவது ஏற்பாடு செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். காரிலிருந்து இறங்கிய பெருமாள் வாசலிலேயே நின்றுவிட்டார். போனை எடுத்தார். அதில் திசைகாட்டி.

"தெக்கு வாசலுங்களா?"

அந்த ஒரு கேள்வியில் அக்கா முகம் வாடிவிட்டது. ஆனால் மாமா முகம் மலர்ந்தது.

"இது பழைய வூடுங்க. மேல ஒரு ரூம் போட்டிருக்கேன், வாங்க."

"அதுக்கு வாசல் எந்தத் திசைங்க?"

"உங்களுக்கு எந்தத் திசை வேணுங்க?"

பெருமாளை இப்படி ஒரு கேள்வி யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். போனைப் பிடித்தபடியே மாடியேறினார்.

அறைக்குள் நாங்கள் ஐந்து பேர் – மாமா, நான், பெருமாள், சரோஜாம்மா, பிரகாஷ். அக்காவும் நித்யாவும் கீழே சமையலறையில். மாமா ஸ்விட்சைப் போட்டார். ஒரு முனகலோடு அறை நகர்ந்தது. தக்காளித் தோட்டம் ஜன்னலுக்குள் வந்தது, போனது. தண்ணீர்த் தொட்டி வந்தது. கிழக்கே தூரத்தில் வத்தல்மலை நீலமாக எட்டிப் பார்த்தது. சரோஜாம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ராட்டினத்தில் ஏறிய சின்னப் பெண் மாதிரி சிரித்துக்கொண்டே வந்தார்.

பெருமாள் வெளியே பார்க்கவே இல்லை. போனைத்தான் பார்த்தார்.

"தென்கெழக்கு... வேணாமுங்க. கெழக்கு... நல்லதுதான், இருங்க. இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... நிறுத்துங்க. வடகெழக்கு, ஈசானியம். இதுக்கு மேல ஒரு எடம் இல்லீங்க."

மாமா நிறுத்தினார். பெருமாள் கண்ணை மூடி ஒரு நீண்ட மூச்சு விட்டார். எத்தனையோ சுவரை இடித்தும் கிடைக்காத நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. "பொண்ண வரச் சொல்லுங்க" என்றார்.

படிக்கு நேராக வாசலைக் கொண்டுபோக மாமா மறுபடி ஸ்விட்சைப் போட்டார்.

டக். அவ்வளவுதான்.

இன்னொரு முறை போட்டார். டக். வெளியே வானம் கறுத்துக்கொண்டு நின்றது. மாமா மெதுவாக என்னைப் பார்த்தார். "நேத்து தெருவுல இருக்கற புள்ளைங்க எல்லாம் ஏறிச்சுங்க. பாவம், ஆசையா கேட்டுதுங்க... இருட்டற வரைக்கும் சுத்தினேன்" என்றார். பேட்டரி காலி. மேகம் போட்டதால் பேனலும் காலி.

"வெயில் வந்தா தானா ஓடுமுங்க" என்றார் பெருமாளிடம்.

"எப்ப வருமுங்க?"

மாமா வானத்தைப் பார்த்தார். வானம் பதில் சொல்லவில்லை.

யோசித்துப் பாருங்கள். வாஸ்துப்படி அமோகமான இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். இறங்கத்தான் படி இல்லை.

அப்போது பின்பக்கத் தகரத்தை யாரோ தட்டினார்கள்.

"அப்பா, வாசல எங்கப்பா வெச்சிருக்கீங்க?"

நித்யா. காப்பித் தட்டோடு படியேறி வந்து, சுவரைப் பார்த்து நின்றிருக்கிறாள். பிறகு படியிறங்கி, அறையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குக் கீழே வந்து சேர்ந்தாள். அவள் தட்டைத் தலைக்கு மேலே தூக்கினாள். பிரகாஷ் வாசலில் மண்டி போட்டுக் குனிந்து வாங்கினான். பெண் பார்க்க வந்த பையன் மண்டி போட்டுக் காப்பி வாங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"ஸ்டூல் கொண்டு வரட்டுங்களா? ஒவ்வொருத்தரா எறங்கிடலாம்" என்றாள் நித்யா.

பெருமாள் எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார். அங்கே கூட்டம் சேர்ந்திருந்தது. "சம்பந்தம் பேச வந்த எடத்துல ஸ்டூல் போட்டு எறங்கறதுங்களா?" என்றார். மாமாவுக்கு முட்டி. சரோஜாம்மாவுக்குப் பட்டுச்சேலை. எனக்கு... வேண்டாம், என் எடையை இங்கே எழுதுவதாக இல்லை.

"செயினைக் கழட்டிட்டா கையால தள்ளலாமுங்களா?" என்று மாமாவைக் கேட்டான் பிரகாஷ்.

"தாராளமா. பூ மாதிரி சுத்தும்."

பையன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குதித்துவிட்டான். நித்யா ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். செயின் கழன்றது. ஆளுக்கு ஒரு இரும்புச் சட்டத்தைப் பிடித்துத் தள்ளினார்கள். அறை அசைந்தது.

வந்த வழியே தள்ளினால் அரைச் சுற்றுகூட இல்லை, படி வந்துவிடும். அவர்கள் எதிர்ப்பக்கம் தள்ள ஆரம்பித்தார்கள்.

பெருமாள் எழுந்தார். "டேய், அந்தப் பக்கம் இல்லடா..."

சரோஜாம்மா கணவரின் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "பேசாம இருங்க."

"அவன் தெரியாம தள்றான்."

"தெரிஞ்சுதான் தள்றான்."

அறையோடு சேர்ந்தே அவர்களும் நடந்ததால் என் ஜன்னலுக்குக் கீழேயேதான் இருந்தார்கள். நான் ஒட்டுக் கேட்கவில்லை. ஜன்னல் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

"உங்களுக்கு இதுல இஷ்டமாங்க?"

"எதுல? தள்றதுலயா?"

"இல்ல... கல்யாணத்துல."

"இதுவரைக்கும் யாரும் என்னைக் கேக்கல."

"அதான் நான் கேக்கறேன்."

சட்டத்தை மாற்றிப் பிடித்துக்கொண்டு நித்யா சொன்னாள்: "நான் வேலைய வுடமாட்டேன்."

"ஓசூர்ல மெடிக்கல் இல்லாத தெரு இல்லீங்க."

"எந்தக் கடைன்னு நான்தான் பாத்துக்குவேன். நீங்க சொல்லி வெக்கக் கூடாது."

"சரிங்க."

"எல்லாத்துக்கும் சரிங்கன்னா நம்பமாட்டேன்."

"அப்ப ஒண்ணு சொல்லிடறேன். எங்கப்பா மாற மாட்டாரு. சமையல்கட்டு இன்னொரு தடவ எடம் மாறும்."

நித்யா வாய்விட்டுச் சிரித்தாள். அதற்குள் பேரிங் பெரிதாக முனக ஆரம்பித்ததில் மிச்சம் எனக்குக் கேட்கவில்லை. அந்த பேரிங் மேல் எனக்கு இன்னும் கோபம்.

கீழே என்ன சத்தம் என்று அக்கா பஜ்ஜித் தட்டோடு மேலே வந்தாள். இரும்புப் படியில் ஏறி நின்றாள். வாசல் வந்தது. தட்டை நீட்டினாள். நான் கையை நீட்டினேன். வாசல் போய்விட்டது.

"ஏய், நில்லுங்க" என்று அக்கா கத்தியது தள்ளியவர்கள் காதில் விழவே இல்லை. மாமா எழுந்து ஜன்னலருகே வந்தார். சரோஜாம்மா அவரையும் கையமர்த்தினார்.

"இருங்கண்ணா. காத்து நல்லா வருது. இன்னொரு சுத்து வரட்டும்."

அடுத்த முறை அக்கா குறி வைத்துத் தட்டைக் கொடுத்துவிட்டாள். வாசலும் ஒரு வழியாகப் படியில் வந்து நின்றது. வேர்த்து விறுவிறுத்து இருவரும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எதிர்வீட்டு மாடியில் யாரோ கைதட்டினார்கள்.

பெருமாள் இறங்கி, அசையாத தரையைத் தேடி உட்கார்ந்துகொண்டார். முகம் வெளுத்திருந்தது. தெற்கு வாசலைப் பற்றி ஆரம்பிக்கப் போகிறார் என்று அக்கா என் கையை இறுகப் பற்றினாள்.

"தெசையெல்லாம் இருக்கட்டுங்க" என்றார். "இந்தப் பொண்ணு எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் என் பையன் போறான். அதான் பாத்துட்டேனே." பிறகு தலையைத் தூக்கினார். "உனக்கு எப்படிம்மா?"

நித்யா சட்டத்திலிருந்து கையை எடுத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிரகாஷை ஒரு முறை பார்த்தாள்.

"எனக்குச் சரிங்க."

எனக்குத்தான் கண் கலங்கியது. மிளகாய் பஜ்ஜி காரம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வெளிநாட்டுக் கட்டடத்துக்காரர்கள் ஜன்னலில் கடலைக் காட்ட, மலையைக் காட்ட என்னென்னவோ யோசிக்கிறார்கள். யோசிக்கட்டும். நம் வீடுகளில் பெரியவர்களை ஓரிடத்தில் உட்காரவைத்துவிட்டு, கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்களைப் பேசவிட இதுவரை ஏதாவது ஏற்பாடு இருந்ததா? மாமாவின் அறை அதைச் செய்தது... அதுவும் கரண்ட் நின்ற பிறகு.

அவர்கள் கிளம்பிப் போனதும் அக்கா நித்யாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ்ளோ நேரம் என்னடி பேசினீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. பேரிங்குக்கு க்ரீஸ் பத்தலன்னாரு."

மாமா அந்த நிமிடமே க்ரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

க்ரீஸ் பற்றிப் பேசி முடிக்க ஒரு சுற்றுக்கு மேல் ஆகுமா என்று என்னைக் கேட்காதீர்கள்... நான் மெயின்டனன்ஸ் படித்தவள் இல்லை.