இன்னாசிமுத்துவின் வலது பக்கம்

"மூச்சு விடாதீங்க சார்" என்றார் இன்னாசிமுத்து.

வாசலில் நின்ற நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் மேஜையில் குனிந்து, இடுக்கியால் ஒரு ரெசிஸ்டரைத் தூக்கி, மீட்டரின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டிருந்தார். அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய, மின்சாரத்தை மட்டுப்படுத்தும் பொருள் அது. விரலால் தொட்டால் உடம்புச் சூட்டில் அளவு மாறிவிடுமாம். என் மூச்சுக்காற்று பட்டாலும் மாறுமாம். மார்கழி மாதம், காலை ஆறேகால் மணி, ஓசூர்க் குளிர். பக்கத்து வீட்டில் கிடக்கும் என் சொந்த சி.டி. பிளேயரைத் திருப்பிக் கேட்கப் போன இடத்தில் எனக்கு மூச்சுவிடவும் அனுமதி இல்லை. என் தலையெழுத்து!

எண் நிலைத்ததும் நோட்டில் குறித்துக்கொண்டு, ரெசிஸ்டரை ஒரு காலித் தீப்பெட்டிக்குள் போட்டார். மேஜை முழுக்கத் தீப்பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு எண். "இன்னும் எரநூறு பாக்கி இருக்குதுங்க. ஒக்காருங்க" என்றார். உட்கார்ந்தால் அதற்கும் ஏதாவது சொல்வார் என்று நின்றேயிருந்தேன்.

அந்த பிளேயர் மஸ்கட்டிலிருந்து என் மச்சான் கொண்டுவந்தது. எங்கள் வரிசை வீடுகளில் அப்போது அது ஒன்றுதான். பார்க்க வந்த இன்னாசிமுத்து முன்பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பின்பக்கம் திருப்பினார், அங்கிருந்த சின்னத் துளையைக் கண்டார், "டிஜிட்டல் அவுட் இருக்குதுங்களே சார்!" என்று கூவினார். அது எதற்கு என்று எனக்குத் தெரியாது. பத்து நாளில் தருகிறேன் என்று எடுத்துப் போனார். அந்த மார்கழிக் காலையில் கணக்குப் போட்டேன், ஏழு மாதம் ஆகியிருந்தது.

அவர் கட்டிக்கொண்டிருந்ததன் பெயர் 'டாக்'. கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் விளக்குவார். "சி.டி.ல பாட்டுன்னு ஒண்ணும் கெடையாதுங்க. வெறும் நம்பரு. செகண்டுக்கு நாப்பத்தி நாலாயிரத்தி நூறு நம்பரு. அத மறுபடி சத்தமா மாத்தறதுதான் டாக். பிளேயருக்குள்ள கம்பெனிக்காரன் ஒண்ணு வச்சிருக்கறான். அது சும்மா பேருக்கு. அந்தத் தொளை வழியா நம்பர வெளிய எடுத்து, அதுக்கு நான் ஏணி கட்டறன்." ஏணி என்றால் ரெசிஸ்டர்களை வரிசையாகப் பற்றவைத்த ஏணி. பதினாறு படி. ஒரு படியில் வரும் மின்சாரம் அதற்கு மேல் படியில் வருவதில் சரிபாதியாக இருக்கவேண்டும். இம்மி பிசகினாலும் பாட்டு கெட்டுப்போகும். இடது பக்கத்துக்கு நாற்பத்தொன்பது ரெசிஸ்டர், வலது பக்கத்துக்கு நாற்பத்தொன்பது. தொண்ணூற்றெட்டும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி ஒரே அளவில் வேண்டும்.

அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூர் எஸ்.பி. ரோடுக்குப் போவார். ஒருமுறை நானும் போய்த் தொலைத்தேன். கடையில் நின்றபடி, சொந்த மீட்டரை எடுத்து வைத்து, ஒவ்வொன்றாக அளக்க ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் பொறுத்த கடைக்காரர், "ஏன் சுவாமி, ஹெண்ணு நோடோக்கே பந்திதீரா?" என்றார். பெண் பார்க்க வந்தீரா என்கிறார். இவர் தலை நிமிராமல், "ஹௌது சுவாமி, தொம்பத்தெண்ட்டு பேக்கு" என்றார். ஆமாம், தொண்ணூற்றெட்டு வேண்டும். கடையே சிரித்தது. எனக்குத்தான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

இன்னாசிமுத்துவுக்கு நாற்பத்தாறு வயது. சிப்காட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் டை செட்டர். தகட்டை அடித்து வடிவமாக்கும் இயந்திரங்களில் அச்சைப் பூட்டிச் சரிபார்க்கும் வேலை. ஐ.டி.ஐ. ஃபிட்டர் படிப்புதான். எலெக்ட்ரானிக்ஸ் முழுக்கப் பழைய பத்திரிகைகளைப் படித்துத் தானாகக் கற்றது. எதையும் நம்பமாட்டார். என் வீட்டில் ஃப்ரிட்ஜ் இறக்கிய அன்று, யாரும் கூப்பிடாமலே, தரை மட்டம் பார்க்கும் ரசமட்டத்தோடு வந்தார். மேலே வைத்தார், குமிழைப் பார்த்தார். பிறகு ரசமட்டத்தை எடுத்து, தலைமாற்றி வைத்து, மறுபடி பார்த்தார். எதற்கு இது என்றேன். "ரசமட்டமே கோணையா இருந்தா? திருப்பி வச்சுப் பாத்தாத்தானுங்க கோணை தரையிலயா கருவியிலயான்னு தெரியும். திருப்பிப் பாக்காம எதையும் நம்பாதீங்க சார்" என்றார். ஃப்ரிட்ஜ் கொண்டுவந்த ஆட்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

இப்படிப்பட்டவர் நம்பாத இன்னொரு கருவி, கம்பெனியில் காது பார்க்கும் மெஷின். போன மார்ச் மாதப் பரிசோதனையில் அவருடைய வலது காதுக்கான கோடு பாதியில் பள்ளத்தில் விழுந்திருந்தது. மெல்லிய, கூர்மையான சத்தங்கள் அந்தக் காதில் போய்விட்டன, போனது திரும்பாது, இடது காதையாவது காப்பாற்றிக்கொள், காதடைப்பான் இல்லாமல் ஷாப்புக்குள் போகாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "மெஷினு தப்புங்க சார். அதுல கேலிப்ரேஷன் ஸ்டிக்கரே இல்ல, யாரும் சரிபாத்ததே இல்ல. நான் பாத்தனே!" என்று முடித்துவிட்டார். காதடைப்பான் போட்டால் வேலை ஓடாதாம். "நான் சத்தத்துல பாக்கறவனுங்க. டை எந்த மூலையில தேயுதுன்னு அடி விழற சத்தத்துலயே சொல்லிருவன். காத அடச்சுக்கிட்டு எப்பிடிச் சொல்றது?"

மாதா மாதம் கம்பெனி கொடுக்கும் மஞ்சள் நிற ஸ்பாஞ்சு அடைப்பான்களை வீட்டுக்குக் கொண்டுவந்து டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். எதற்கு என்று சித்திரையில் தெரிந்தது. டாக் பெட்டி தயாராகிவிட்டது. அந்த அடைப்பான்களை ஸ்பீக்கர்களுக்குள் திணித்துவிட்டு, மிச்சமிருந்த நான்கை எடுத்து, பெட்டியின் நான்கு மூலைக்கும் காலாக ஒட்டினார். பெட்டிக்கு அதிர்ச்சி ஆகாதாம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தியே விட்டேன். "யோவ், பெட்டிக்குக் காது இருக்கா? உம்ம காதுக்குக் குடுத்ததைப் பெட்டிக்கு வச்சிருக்கீரே!"

அவர் மனைவி தேவமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லாக் கேளுங்க சார்" என்றார். தளி ரோட்டில் ரோஜாத் தோட்டத்துப் பாக்கிங் ஷெட்டில், காம்பின் நீளம் பார்த்துப் பூப் பிரிக்கும் வேலை அவருக்கு. விரல் முழுக்க முள் கீறல். ஒரு வருஷமாகக் கணவரோடு தெருவில் போகும்போது இடது பக்கமாகவே நடக்கிறார். வலது பக்கம் நடந்தால் சொன்னதையே மூன்று முறை சொல்லவேண்டியிருக்கிறது. "ஒரு காது போயிருச்சு. இன்னொண்ணும் போனா நான் எந்தப் பக்கம் நடக்கறது?" என்று என் மனைவியிடம் கண் கலங்கியிருக்கிறார்.

பெட்டி பாடத் தொடங்கிய முதல் ஞாயிறு எங்களைக் கூப்பிட்டார். என்னிடம் இருந்தவை மூன்றே மூன்று சி.டி. அதில் ஒன்று பஜனை. வலது ஸ்பீக்கரில் ஜால்ரா, இடதில் ஆர்மோனியம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பெட்டி அற்புதமாகப் பாடியது. ஜால்ராவின் இரண்டு வட்டும் உரசிப் பிரிவதுகூடத் தெரிந்தது. பதினோரு மாதக் கோபம் எனக்கு அரை நிமிஷம் மறந்துபோனது.

இன்னாசிமுத்துவின் முகம் மட்டும் சுளித்தது. "ரைட் சைடு சரியில்லீங்களே. ஜால்ராவ ஈரத்துணியில சுத்தி அடிக்கற மாதிரி இருக்குது."

"எனக்கு நல்லாத்தானே கேட்குது?"

"ஒங்களுக்குப் பழக்கம் இல்லீங்க சார்."

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. வலது பக்கத்து ரெசிஸ்டர்களில் பாதியை மார்கழியில் அளந்தாராம், பாதியைப் பங்குனியில் அளந்தாராம், சூடு வித்தியாசத்தில் பிசகியிருக்குமாம். நாற்பத்தொன்பதையும் பிடுங்கினார். மறுபடி எஸ்.பி. ரோடு, மறுபடி தீப்பெட்டி, மறுபடி மூச்சு விடாதீங்க சார். நான்கு மாதம். புது ஏணி ஏறியது. ஜால்ரா அதே ஈரத்துணிக்குள் இருந்தது. அப்போதுதான் ஒயர்களை இடம் மாற்றி மாட்டிப் பார்க்கலாமே என்று அவருக்குத் தோன்றியது. ஒரு நிமிஷ வேலை ஐயா அது! முதல் நாளே செய்திருக்கலாம். ஜால்ரா இடது ஸ்பீக்கருக்கு வந்தது, கணீரென்று கேட்டது. ஆர்மோனியம் வலதுக்குப் போய் மங்கியது. ஆக, பெட்டியில் குற்றமில்லை. ஸ்பீக்கர்தான் என்றார். ஒயர்களைப் பழையபடி மாட்டிவிட்டு ஸ்பீக்கர்களை இடம் மாற்றினார். வலது பக்கம் எது வந்தாலும் மங்கியது. ஸ்பீக்கரும் இல்லை. மிச்சம் இருந்தது சுவர்.

வலது பக்கத்துச் சுவர் என் வீட்டுச் சுவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொது. அதற்குப் பின்னால் என் இரும்பு பீரோ நிற்கிறது. அது சத்தத்தை இழுத்துவிடுகிறதாம். "ஒரு நாலடி நகத்தி வைங்க சார், பாக்கலாம்." நானும் என் மனைவியும் பீரோவைக் காலிசெய்து நகர்த்தினோம். பயனில்லை. அவர் பக்கத்தில் கோணிச்சாக்கு தொங்கவிட்டார். பிறகு சாக்கை எடுத்துவிட்டுப் பலகை அடித்தார். அடித்த ஆணி என் பக்கம் வந்து, மாதக் காலண்டரைத் தள்ளியது. "ஐயா, உங்க காதுலதான் கோளாறுன்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. சுவரை ஏன் குத்தறீங்க?" என்றேன். "அந்த மெஷினு தப்புங்க" என்று அடுத்த ஆணியை எடுத்தார்.

போன செப்டம்பரில் ஒரு ஞாயிறு. பூசைக்குப் போய்வந்து, இட்லி முடிந்து, வழக்கம்போல என்னை நாற்காலியில் உட்காரவைத்து ஜால்ரா கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவரை இடித்து இரட்டைச் சுவர் எடுக்க வீட்டுக்காரரிடம் பேசலாமா என்று என்னையே யோசனை கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தேவமணி ஈரக் கையோடு வந்து அவர் முன்னால் நின்றார்.

"எந்திரிங்க."

"எதுக்கு?"

"நாற்காலியத் திருப்பிப் போடுங்க. பெட்டிக்கு முதுகக் காட்டி ஒக்காருங்க."

"முதுகக் காட்டிக்கிட்டு யாராச்சும் பாட்டு கேப்பாங்களா?"

"நீங்கதான் ஊருக்கெல்லாம் சொல்வீங்க, திருப்பிப் பாக்காம எதையும் நம்பாதேன்னு. பொட்டியப் பிரிச்சாச்சு, ஒயர மாத்தியாச்சு, ஸ்பீக்கர மாத்தியாச்சு, பாவம் அந்தச் சாரு பீரோவையும் தூக்கியாச்சு. ஒங்கள மட்டும் திருப்பிப் பாக்கல. சாக்கு, திரும்புங்க!"

அந்தக் கன்னட 'சாக்கு', போதும் என்று அர்த்தம், தேவமணி நிஜமாகவே கோபத்தில் இருந்தால்தான் வரும். இன்னாசிமுத்து எழுந்தார். நாற்காலியைத் திருப்பினார், கதவைப் பார்த்து உட்கார்ந்தார். தேவமணியே பெட்டியின் சுவிட்சைத் தட்டிவிட்டார். பாட்டு தொடங்கியது.

ஜால்ரா விழுந்ததும் இன்னாசிமுத்துவின் முகம் மலர்ந்தது. "கேக்குதுங்க சார்!" என்றார், சின்னப்பிள்ளை மாதிரி. "ஐயோ, என்ன சுத்தமா கேக்குது! உரசறது கேக்குது, பிரியறது கேக்குது..." கையை மடியில் தட்டித் தாளம் போட்டார். ஒன்றரை வருஷமாக அவர் கட்டியதை அவர் அப்போதுதான் முதல்முறை குற்றம் தேடாமல் கேட்கிறார் என்று எனக்கு உறைத்தது.

நான்கைந்து தாளத்துக்குமேல் அந்தக் கை நின்றது. ஆர்மோனியத்தைத் தேடி அவர் தலை மெல்ல வலது பக்கம் திரும்பியது. பிறகு பழையபடி நேரானது. ஜால்ரா ஸ்பீக்கர் இருந்த இடத்தில்தான் இருந்தது. சுவரும் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஈரத்துணி மட்டும் அவரோடு சேர்ந்து திரும்பியிருந்தது. பாட்டு முடியும்வரை கதவையே பார்த்து உட்கார்ந்திருந்தார். தேவமணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். எனக்கு எழுந்து போகவும் தெரியவில்லை. பிளேயரை எப்போது தருவீர் என்று அன்றைக்குக் கேட்கவும் இல்லை.

மறுநாள் முதல் ஷிஃப்ட். கம்பெனி பஸ் ஐந்தரைக்குத் தெருமுனைக்கு வரும். பால் வாங்கக் கிளம்பிய நான் அவர் வீட்டு வாசலைக் கடக்கும்போது கதவு திறந்திருந்தது. நீலச் சட்டையும் பூட்ஸுமாக மேஜை முன் நின்றிருந்தார். பெட்டியின் முன்பக்கத்தை ஒரு கையால் தூக்கி, அடியில் விரலை விட்டு, இரண்டு மஞ்சள் அடைப்பான்களையும் பிய்த்தெடுத்தார். குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினார், பிழிந்தார், உதறினார், சட்டைப்பையில் போட்டு பட்டனைப் பூட்டினார். தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. பெட்டி முன்பக்கம் சரிந்து, தலை கவிழ்ந்து நின்றது. பக்கத்து அலமாரியில் ரசமட்டம் இருந்தது. அவர் அதை எடுக்காமல், பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கினார்.