சிரித்த முகம்

கும்மிடிப்பூண்டி ரயிலில் எதிரே இருந்த கல்லூரி மாணவன், போனைத் தொடையில் கவிழ்த்து உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தான். "டேய் சோடாபுட்டி, கானா பாட்றா!" என்று சீனியர்கள் கலாய்த்தார்கள். கூச்சமில்லாமல் பாடினான். பொன்னேரியில் அவர்கள் இறங்கியதும் போன் அதிர்ந்தது. திரையைப் பார்க்காமலே பதறி அதைப் பைக்குள் திணித்தான்.

"அவனுங்களுக்குப் பயப்படாம போனுக்கா பயப்படற?" என்றேன், சிரித்துக்கொண்டே. எனக்கு எழவு வீட்டிலும் சிரித்துத் திட்டு வாங்குகிற முகம்.

"அவனுங்க தெரிஞ்ச மூஞ்சிண்ணா, எறங்கிட்டா முடிஞ்சுது. என் வீடியோவ நெட்டுல போட்டு ஓட்டிக்கினு கீறவன் யாருன்னே தெரியல. யாரு சிரிச்சாலும் பார்த்துட்டாங்களோன்னு..." என் முகத்தையே பார்த்தான். "நீங்களும் பார்த்துட்டீங்களாண்ணா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். பாழாய்ப்போன முகம், அப்போதும் சிரித்தது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டிக்கு ஓடினான்.

எந்த வீடியோ என்று எனக்கு இன்றும் தெரியாது. அவன் அதை நம்பப்போவதில்லை.