ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கவும்

எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கம்பெனி வண்டியில் ஏறியதுமே எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். நான் போனைத் திறப்பேன். நான் தூங்கிய நேரத்தில் உலகத்தின் அந்தப் பக்கம் விழித்திருந்தவர்கள் எனக்கு வேலை வைத்திருப்பார்கள். அந்த வேலைக்கு எனக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. சம்பளம் கொடுக்கிற வேலை மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் தனியாகக் காத்திருக்கும்.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். ஜாவாஸ்கிரிப்ட் என்கிற கம்ப்யூட்டர் மொழி முதலில் பிரௌசருக்குள்தான் ஓடியது. அதை வெளியே எடுத்து சாதாரணக் கம்ப்யூட்டரில் ஓட வைக்க ஒரு மென்பொருள் வேண்டும். அதை ரன்டைம் என்போம். நீங்கள் போனில் பிரியாணி வரவழைத்தாலும் பஸ் டிக்கெட் போட்டாலும் எங்கோ ஒரு மூலையில் இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. நான் கை வைத்திருப்பது அப்படிப்பட்ட ஒன்றில். ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம், யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம். மூன்றாவதைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள்.

இதில் எனக்கென்று ஒரு பொறுப்பு வந்து சேர்ந்திருந்தது. பழைய முப்பத்திரண்டு பிட் கம்ப்யூட்டர்களிலும் எங்கள் ரன்டைம் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வது. நான் கேட்டு வாங்கியதில்லை. முன்பு பார்த்துக்கொண்டிருந்தவர் விலகினார், யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார்கள், அன்று எனக்கு உற்சாகமாக இருந்தது. அவ்வளவுதான். ஒரு நாள் உற்சாகத்துக்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

அதற்கு ஒரு நிஜமான பழைய கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டில் ஒன்று சும்மா கிடந்தது. அதைத் துடைத்து, ஹாலில் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே ஏற்றி வைத்தேன். உலகத்தில் யார் எந்தத் திருத்தம் அனுப்பினாலும் அது ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்து, அந்தச் செருப்பு ஸ்டாண்டின் மேல் ஓடிப் பார்த்துவிட்டுத்தான் போகும். சரியாக ஓடினால் ஒரு வலைப்பக்கத்தில் பச்சைப் புள்ளி. உடைந்தால் சிவப்பு.

அந்த மெஷினுக்கு ஒரு கெட்ட குணம். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் தானாக எழுந்திருக்காது. யாராவது போய்ப் பொத்தானை அழுத்த வேண்டும். இன்வெர்ட்டரில் மாட்டிப் பார்த்தேன், இரண்டு ஃபேனும் ஹால் லைட்டும் தாங்குவதே அதற்குப் பெரிய விஷயம். எங்கள் தெருவில் கரண்ட் போகாத நாள் அபூர்வம், மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். நானோ பகல் முழுக்க ஊரின் இன்னொரு கோடியில் இருப்பேன். ஆகவே பொத்தான் அப்பாவிடம் போயிற்று.

அப்பா கர்நாடக அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, மேஜை மாறி மாறி, சூப்பரின்டென்டென்டாக ஓய்வு பெற்றவர். அண்ணனுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்ததும் அம்மா சென்னைக்குப் போனாள். கொஞ்ச நாள் என்றுதான் போனாள். அங்கே அவளுக்கு வேலை இருந்தது, தங்கிவிட்டாள். அப்பாவும் போய்ப் பார்த்தார். "அங்க நான் குறுக்கும் நெடுக்கும் நடக்கறேன், அவ்ளோதான்" என்று திரும்பி வந்துவிட்டார். இங்கேயும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார், இந்த மெஷின் வரும்வரை.

வந்தபிறகு வீட்டில் ஓர் ஆபீஸ் திறந்ததுபோல் ஆயிற்று. காலையில் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, செருப்பு ஸ்டாண்டுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுப் பேப்பர் படிப்பார், நடுநடுவே போனில் அந்தப் புள்ளிகளைப் பார்ப்பார். கரண்ட் வந்த கையோடு எழுந்து பொத்தானை அழுத்துவார். உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டபிறகுதான் உட்காருவார். உடனே என் போனுக்கு ஒரு வரி வரும்: மெஷின் ஏறிடுச்சு. ஊருக்குள்ளேயே அடுகோடியில் சித்தப்பா பெண்ணுக்கு வளைகாப்பு என்றால், "போலாம்தான், கரண்ட் போனா?" என்பார். பெண்ணைப் பெற்ற சித்தப்பா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் கால் வைக்கும்போது காபி சாப்பிடறியா என்று கேட்கமாட்டார். "இன்னைக்கு எல்லாம் பச்சை" என்பார். சிவப்பாக இருந்தால் முகமே சரியிருக்காது. "அந்த பிரேசில்காரன் எதையோ கெடுத்துட்டான்மா, மத்தியானத்துலேந்து ரெட்டு." பிரேசில்காரர் யார், என்ன திருத்தினார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தன் செக்ஷனில் பக்கத்து மேஜைக்காரரைத் திட்டுகிற அதே குரல். எனக்கு வேடிக்கையாகவும் இருக்கும், உடம்பெல்லாம் அலுப்பாகவும் இருக்கும். அந்தச் சிவப்பைப் பச்சையாக்க வேண்டியவள் நான்தானே.

சிவப்பு அதிகமாகிக்கொண்டே வந்தது. ரன்டைமுக்குள் ஓர் எஞ்சின் உண்டு, அதைச் செய்பவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் முப்பத்திரண்டு பிட்டைக் கண்டுகொள்வதை விட்டுவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை, எத்தனை நாள்தான் பார்ப்பார்கள். ஆனால் ஒவ்வொரு முறை புது எஞ்சினை உள்ளே கொண்டுவரும்போதும் எங்கள் செருப்பு ஸ்டாண்டில் ஏதாவது உடையும். நான் ஒட்டுப் போடுவேன். அடுத்த எஞ்சினில் அந்த ஒட்டும் கிழியும். மற்றவர்களின் திருத்தங்கள் என் ஒட்டுக்காகக் காத்து நிற்கும். யாரும் கோபமாக எழுதமாட்டார்கள், மரியாதையாகத்தான் கேட்பார்கள். அந்த மரியாதைதான் என்னைத் தின்றது.

ரன்டைமை முதலிலிருந்து முழுக்கக் கட்டி எடுப்பதை பில்ட் என்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து ஓட்டிய பில்ட் சாயங்காலம் உடைந்தது. பக்கத்து வீட்டில் சர்ச்சுக்குப் போய் வந்து, சமைத்து, விருந்தாளிகளை அனுப்பி, பாத்திரமும் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். நான் நைட்டியைக்கூட மாற்றவில்லை. அப்படியே உட்கார்ந்து, முப்பத்திரண்டு பிட் ஆதரவை நீக்கிவிடலாம் என்று ஒரு திருத்தத்தை எழுதி அனுப்பினேன். நீக்குவதற்குத்தான் எவ்வளவு கொஞ்ச நேரம் ஆகிறது.

எங்கள் புராஜெக்டில் ஒரு வழக்கம். எந்தத் திருத்தத்தையும் உடனே சேர்த்துவிட முடியாது. உலகத்தில் எல்லா ஊரிலும் பொழுது விடிந்து எல்லோரும் பார்க்கும்படி சில நாள் திறந்து வைக்க வேண்டும். பொறுப்பில் இருக்கிற ஒரே ஒருவர் ஆட்சேபணை என்று தடை போட்டாலும் நின்றுவிடும். யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று அர்த்தம்.

இதை அப்பாவிடம் அன்றைக்கே சொன்னேன். மறைத்துச் செய்ய மனம் வரவில்லை. அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, முழுக்கக் கேட்டார்.

"அப்போ நோட்டீஸ் ஒட்டியாச்சு?"

"ஆமாம்ப்பா."

"நாங்களும் ஒட்டுவோம். லேஅவுட் போடறதுக்கு, ரோடு அகலம் பண்றதுக்கு. ஆட்சேபணை இருந்தா இத்தனை நாளுக்குள்ள எழுதிக் கொடுக்கணும்னு கன்னடத்துல அடிச்சு, ஆபீஸ் போர்டுல நானே ஒட்டுவேன்." சிரித்தார். "யாரும் வரமாட்டாங்க. வீட்டை இழக்கறவன் எவன் நம்ம போர்டை வந்து படிக்கறான்?"

"உங்களுக்கு ஆட்சேபணை இருக்காப்பா?"

"எனக்கென்ன ஆட்சேபணை? நீ முதல்ல நல்லாத் தூங்கு. கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு" என்றார். கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நான் மேலே கேட்கவில்லை. கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லியிருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் நான் அந்த மெஷினுக்கு முன்னால் உட்கார வேண்டும். என்னால் முடியாது.

நோட்டீஸ் நாள்களில் சம்மதங்கள் வந்து குவிந்தன. கட்டைவிரல் படங்கள், கைதட்டல், ஒருவர் பட்டாசு வெடிக்கிற படம் வேறு போட்டு, அப்பாடா ஒருவழியாக என்கிற மாதிரி எழுதியிருந்தார். நீக்கச் சொன்னவளே நான்தான். இருந்தாலும் அந்தப் பட்டாசைப் பார்த்து எனக்குச் சுருக்கென்றது. இத்தனை பேருக்கு இவ்வளவு நாளாகத் தொந்தரவாக இருந்திருக்கிறோம், ஒருத்தரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அப்பா மட்டும் தினமும் சாயங்காலம் கேட்டார்: "யாராவது ஆட்சேபணை சொன்னாங்களா?" இல்லை என்பேன். "சொல்லமாட்டாங்க" என்று எழுந்து போய்விடுவார். நடுவில் ஒருநாள் மத்தியானம் இடி மழை. மெஷின் ஏறிடுச்சு என்று வழக்கம்போல் ஒரு வரி வந்தது. ஆபீஸ் கேன்டீனில் தட்டை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. திருத்தத்தைச் சேர்க்கும்போது அதன் குறிப்பின் அடியில், சரிபார்த்தவர்களின் பெயர்களை வரி வரியாகப் போடுவோம். ரன்டைம் இருக்கும்வரை அந்தப் பெயர்களும் அதன் சரித்திரத்தில் இருக்கும். கெடு முடிந்த அன்று காலை, வண்டியில் உட்கார்ந்து அந்தக் குறிப்பை எழுதினேன். எல்லாப் பெயர்களையும் போட்டபிறகு, ஓட்டிப் பார்த்தவர் என்று அப்பாவின் பெயரையும் ஒரு வரியாகச் சேர்த்தேன்.

வண்டி சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போதே ஒருவர் மரியாதையாகக் கேட்டுவிட்டார். கடைசிப் பெயருக்கு எங்கள் தளத்தில் கணக்கே இல்லையே, தவறாக வந்திருக்கும், அந்த வரியை எடுத்துவிடுங்கள், மற்றபடி சேர்த்துவிடலாம்.

இத்தனை வருடத்தில் நான் யாருக்கும் தடை போட்டதில்லை. புரோகிராமில் ஒரு காற்புள்ளியை மாற்று என்றால் மாற்றுவேன், ஒரு வரியை மாற்று என்றால் மாற்றுவேன். விவாதம் பண்ணத் தெம்பு இருந்தால்தானே. அன்றைக்கு என் திருத்தத்துக்கு நானே ஆட்சேபணை போட்டேன். சிவப்புக் குறி. காரணம் எழுத வேண்டும் என்பது விதி. எழுதினேன்: உங்கள் திருத்தங்களையெல்லாம் ஓட்டிப் பார்த்த கம்ப்யூட்டர் என் வீட்டில் இருக்கிறது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் அதை எழுப்பிவிட்டவர் இவர். இவருக்குக் கணக்கு கிடையாது. வரி இருக்கும், இல்லாவிட்டால் திருத்தம் நிற்கும்.

மேம்பாலத்தில் ஏறி இறங்கும்வரை பதில் இல்லை. அப்புறம் அவர் மன்னிப்புக் கேட்டு, ஓர் இதயப் படமும் போட்டிருந்தார். பட்டாசு வெடித்தவரும் ஒன்று போட்டார். நான் தடையை எடுத்தேன். திருத்தம் சேர்ந்தது. ஆபீஸ் லிஃப்டில் யாரும் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அப்பா அதே நாற்காலியில் இருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அதற்கு இனி வேலை வராது. செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை நீட்டினேன்.

"ஆட்சேபணை யாராவது சொன்னாங்களா?"

"நான் சொன்னேன்ப்பா. உங்க பேரை எடுக்கச் சொன்னாங்க. விடலை. இங்க பாருங்க."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, எழுத்தைப் பெரிதாக்கி, மெதுவாகப் படித்தார். மேலே இருந்த பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார். பிரேசில்காரர் பெயர் எது என்று கேட்டார், காட்டினேன்.

"சர்வீஸ்ல நான் டிராஃப்ட் போட்ட ஆர்டர் எவ்வளவோ போச்சு" என்றார். "எல்லாத்துலயும் கையெழுத்து மேல இருக்கற ஆபீசர் சாஹேப்ருதுதான். என் பேரு எதுலயும் வந்ததில்ல."

அவர் சந்தோஷப்படுவார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். சந்தோஷம்தான் பட்டார், முகத்தில் தெரிந்தது. போனை என் கையில் கொடுத்துவிட்டு, எட்டி மெஷினின் பொத்தானை அழுத்திப் பிடித்தார். உள்ளே சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் நின்றது. ஹால் திடீரென்று அமைதியாகிவிட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"பேரு இருக்கட்டும்மா. நாளைக்குக் கரண்ட் போயிட்டு வந்தா நான் என்ன பண்றது?"