புர்கியின் நீல விளக்கு

ஹின்டர்லோவில் முப்பத்தாறு வருடம் முடி அலங்காரக் கடை நடத்திய நோட்புர்கா ஷிடரரை ஊரார் புர்கி என்று கூப்பிடுவார்கள். அவள் தன் வாழ்நாளில் ஒரே ஒரு பொய்யைத்தான் கட்டிக் காத்தாள். அதுவும் அவள் சொன்ன பொய் அல்ல, அவள் கணவன் லோய்ஸ் சொன்னது.

அந்த மலையூரில் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் ஒரு கூட்டு. தொட்டிலிலிருந்து கல்லறை வரை அந்தக் கூட்டு கலையாது. இலையுதிர் காலத்தில் ஒரு சுற்றுலா, இருபதுக்கும் நாற்பதுக்கும் அறுபதுக்கும் எழுபதுக்கும் பெரிய விருந்து. 1977 அக்டோபர் 15, சனிக்கிழமை, ஐம்பத்தேழில் பிறந்தவர்களின் இருபதாம் வயது விருந்துக்கு லோய்ஸ் தன் வருங்கால மனைவியை அழைத்துப் போனான். வெளியூர்ப் பெண், சலூனில் வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. "இவ எந்த வருஷம்?" என்று யாரோ கேட்டார்கள். லோய்ஸ் யோசிக்கவே இல்லை. "நம்ம வருஷம்தான்" என்றான். புர்கி பிறந்தது 1953 மார்ச் 9. மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள். அதற்குள் அவள் கழுத்தில் அந்தக் கூட்டின் பச்சை நாடாவைக் கட்டிவிட்டார்கள்.

கல்யாணம் நானூற்று எண்பது கிலோமீட்டர் தள்ளி அவள் ஊரில் நடந்ததால் இந்த ஊர்ப் பாதிரியார் கல்யாண அறிவிப்பில் அவள் பிறந்த வருடத்தை வாசிக்கும்படி நேரவில்லை. பிறகு அதைத் திருத்த நல்ல சந்தர்ப்பம் வாய்க்கவே இல்லை. 2012இல் லோய்ஸ் இறந்த பிறகும் கூட்டு அவளை விடவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் காலை ஒன்பதரைக்கு மலைமேல் ஏற்றும் நாற்காலி லிஃப்டின் வாசலில் அந்தக் கூட்டின் மூவர் சேர்வார்கள்: புர்கி, ஓய்வுபெற்ற தபால்காரி ஒட்டிலி, ரொட்டிக்கடை ஹில்ட்ரூட். பகல் முழுக்கப் பனிச்சறுக்கு, நடுவில் மலைக்குடிலில் பார்லி சூப். புர்கிக்கு வாரத்தின் மற்ற ஆறு நாட்களும் செவ்வாயை ஒட்டி ஓடுபவைதான்.

2018இல் அதற்கு ஆபத்து வந்தது. ஹின்டர்லோ லிஃப்ட் கம்பெனி பக்கத்து நான்கு பள்ளத்தாக்குகளோடு சேர்ந்து, ஐந்து மலைகளுக்கும் ஒரே சீசன் பாஸ் என்று அறிவித்தது. போன வருடம் 498 யூரோ. இந்த வருடம், நவம்பர் 30க்குள் வாங்கினாலே 689. புர்கிக்கு மற்ற நான்கு மலைகள் வேண்டாம். அவளுக்குக் கார் கிடையாது. சொந்தக் கடைக்காரியின் பென்ஷனில் 689 என்பது ஒரு குளிர்காலத்து விறகுச் செலவு.

அறிவிப்புத் தாளின் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: 1953இலும் அதற்கு முன்பும் பிறந்தவர்களுக்கு 415. புர்கி அந்த வரியைப் பதினொரு நாள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாம் நாள் கவுண்டருக்குப் போனாள்.

கவுண்டரில் ரைன்கார்ட் இருந்தாள். கல்யாணத்துக்கு அவள் தலையைச் சிங்காரித்தது புர்கிதான். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள், இமைகூட அசைக்கவில்லை.

"பாஸ்ல வருஷம் அச்சாகுமாம்மா?" என்று புர்கி தணிந்த குரலில் கேட்டாள்.

"போட்டோவும் பேரும் மட்டும்தான். உங்க கடையில என் நரைமுடி விஷயம் ரகசியமா இருந்த மாதிரி இங்கயும் இருக்கும்."

புர்கி நிம்மதியாக வீடு திரும்பினாள். ஐந்து மலைக் கூட்டணி லிஃப்ட் வாசலில் புதிய கதவுகளையும் வைத்திருக்கிறது என்பது டிசம்பர் 4, முதல் செவ்வாய் அன்றுதான் தெரிந்தது. பாஸைச் சட்டைப் பையில் வைத்தபடி கதவருகே போனால் போதும், மேலே ஒரு விளக்கு எரியும். குழந்தைகளுக்கு மஞ்சள். பெரியவர்களுக்குப் பச்சை. மூத்தவர்களுக்கு நீலம்.

அன்று அவள் தலைக்கு மேல் எரிந்த நீலத்தை லிஃப்ட்காரன் காஸியான் மட்டும் பார்த்தான். அடுத்த இரண்டு செவ்வாயும் புர்கி பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு நாள் காலணிப் பட்டி கழன்றது. ஒரு நாள் கையுறை தொலைந்தது. "நீங்க போங்கடி, வந்துடறேன்" என்று கடைசி ஆளாக நின்று, விளக்கைச் சறுக்குக்கோல் பிடித்த கையால் மறைத்துக்கொண்டு நுழைவாள்.

"புர்கியம்மா, விளக்கைத் தட்டி உடைச்சிடாதீங்க. அதுக்கு என் சம்பளத்துலதான் பிடிப்பாங்க" என்றான் காஸியான்.

கிறிஸ்துமஸும் புத்தாண்டும் செவ்வாயில் வந்து போன பிறகு, ஜனவரி 8 அன்று ஒட்டிலி பிடிவாதமாக நின்றுவிட்டாள். "இன்னிக்கு நீ முன்னாடி போ. மேல போய் உனக்காகக் காத்துக் காத்து என் மூக்கே உறைஞ்சு போகுது." பின்னால் வரிசை நெருக்கியது. புர்கி அடியெடுத்து வைத்தாள். நீலம் எரிந்தது.

ஒட்டிலியும் ஹில்ட்ரூட்டும் அதைப் பார்த்துவிட்டார்கள். குடிலில் சூப் வந்த பிறகுதான் ஹில்ட்ரூட் வாயைத் திறந்தாள்.

"கெழவி பாஸ் வாங்கியிருக்கே."

புர்கி கரண்டியைக் கீழே வைத்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள்.

"எப்படிடி வாங்கின?" என்று ஒட்டிலி முன்னால் சாய்ந்தாள். "ரைன்கார்ட் போட்டுக் குடுத்தாளா? எனக்கும் சொல்லி வாங்கிக் குடேன். அறுநூத்து எண்பத்தொம்பது குடுத்துட்டு, அதை வசூல் பண்ணணுமேன்னு போன வாரம் மழையில சறுக்கினேன். முட்டி இன்னும் வலிக்குது."

புர்கிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அவளுக்கு வயது அதிகம் என்று இவர்களுக்குத் தோன்றவே இல்லை. வயதைக் கூட்டிச் சொல்லிக் கம்பெனியை ஏமாற்றிவிட்டாள் என்றே நினைக்கிறார்கள். ஒரு கணம் அது இனித்தது. மோசடிக்காரி, ஆனால் ஐம்பத்தேழுக்காரி. சிரித்து மழுப்பிவிடலாம்.

ஹில்ட்ரூட் சிரிக்கவில்லை. "எனக்கு இது வேடிக்கையா இல்ல. நானும் அதே மலையிலதான் சறுக்கறேன். தலைமுடி சிங்காரிச்சு விட்டவளுக்கு ஒரு விலை, ரொட்டி வித்தவளுக்கு ஒரு விலையா? கீழ போய் அவளையே கேக்கறேன்."

கேட்டும்விட்டாள். நாலே கால் மணி, கடைசி இறக்கம் முடிந்து எல்லோரும் கவுண்டரைச் சுற்றி நிற்கும் நேரம். ஹில்ட்ரூட்டின் குரலுக்கு ரொட்டிக்கடை வரிசையை அடக்கிய பழக்கம் உண்டு.

"ரைன்கார்ட், புர்கிக்கு எந்தக் கணக்குல நானூத்துப் பதினஞ்சு?"

ரைன்கார்டின் முகம் சிவந்தது. "விதிப்படிதான் குடுத்தேன்."

"எந்த விதி? அவ எங்க வருஷம். ஊருக்கே தெரியும்."

"ஒருத்தர் பாஸைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட நான் பேசக் கூடாது, ஹில்ட்ரூட் அம்மா."

"சிநேகிதத்துக்குப் பாஸ் மட்டும் போடலாமாக்கும்?"

பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. உள் அறைக் கதவைத் திறந்துகொண்டு மேலாளர் எட்டிப் பார்த்தார். "என்ன பிரச்சினை, ரைன்கார்ட்?" ரைன்கார்ட் புர்கியைப் பார்க்கவே இல்லை. கண்ணை மேஜையில் பதித்து, உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். அந்த இறுக்கம் புர்கிக்குத் தெரிந்ததுதான். முப்பத்தாறு வருடம் பாதி ஊரின் நரையை அவளும் அப்படித்தான் காத்திருந்தாள்.

புர்கி சட்டையின் உள்பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கவுண்டர் பலகையில் வைத்து அழுத்தினாள்.

"படி, ஒட்டிலி. உனக்குத்தான் விலாசம் படிச்சுப் பழக்கம்."

ஒட்டிலி மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். "நோட்புர்கா ஷிடரர். மார்ச் ஒம்பது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து…" நிறுத்தினாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "ஐம்பத்துமூணு."

மேலாளர் கதவை மெல்லச் சாத்திக்கொண்டார்.

"அப்ப, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அறுபதுக்குக் கேக் வெட்டினோமே," என்றாள் ஹில்ட்ரூட், "அப்ப உனக்கு…"

"அறுபத்துநாலு. கேக் நல்லாத்தான் இருந்துது. நீதான் செஞ்ச."

"லோய்ஸுக்குத் தெரியுமா?"

"அவன்தான் ஆரம்பிச்சான். பொண்ணு வயசுல மூத்தவன்னு சிரிப்பீங்களேன்னு அவனுக்கு வெக்கம். பச்சை நாடாவை நீங்க கட்டிட்டீங்க. எனக்கு அதைக் கழட்ட மனசு வரல." புர்கி அட்டையை எடுத்துப் பையில் போட்டாள். "வேணும்னா நாடாவை நாளைக்குக் கொண்டுவந்து குடுத்துடறேன்."

ஒட்டிலிதான் முதலில் சிரித்தாள். சத்தமில்லாமல் தோள் குலுங்கி, பிறகு கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. "நாப்பத்தோரு வருஷம். நாப்பத்தோரு வருஷமா ஒரு அக்காவை வாடி போடின்னு கூப்பிட்டிருக்கேன்."

ஹில்ட்ரூட்டுக்குச் சிரிப்பு வர மேலும் ஒரு நிமிடம் ஆனது. வந்தபோது கண்ணில் நீரும் வந்தது. நாடாவைப் பற்றி அவள் சொன்னது இவ்வளவுதான்: "கொண்டுவந்தா கையை உடைப்பேன்." மறுநாள் காலை ஏழு பத்துக்குக் கவுண்டர் திறக்கும் முன்பே அதன் படியில் ஒரு பின்னல் ரொட்டி இருந்தது, இரண்டு கிலோ. கூடவே ஒரு சீட்டு: ரைன்கார்டுக்கு, மன்னிப்போடு.

அந்த வாரமே ஐம்பத்துமூன்றுக்காரர்களின் செயலாளர் கடிதம் எழுதினார். எங்கள் ஆள் ஒருத்தியை நாற்பத்தொரு வருடம் வேறு கூட்டில் வைத்திருந்திருக்கிறார்கள், திருப்பி அனுப்பவும் என்று. புர்கி பதில் போட்டாள்: எழுபதாம் வயது விருந்துக்கு வருகிறேன், செவ்வாய்க்கிழமை வைக்காதீர்கள்.

ஜனவரி 15, ஒன்பதரை மணி. லிஃப்ட் வாசலில் ஒட்டிலி இரு கையையும் விரித்து வரிசையை நிறுத்தினாள். "வழி விடுங்க, அக்கா வர்றாங்க. பாத்துப் போங்கக்கா, வழுக்கும்."

"கீழ எறங்கறப்ப பாக்கலாம் யார் யாருக்கு வழி விடறான்னு" என்று புர்கி கதவைத் தாண்டினாள். நீலம் எரிந்தது. காஸியான் தொப்பியைத் தூக்கினான்.

அந்தப் பருவத்தில் புர்கி செவ்வாய் மட்டும் போதாமல் மற்ற நாட்களிலும் ஏறி, ஐம்பத்தெட்டு நாள் சறுக்கினாள். ஏப்ரலில் லிஃப்ட் மூடிய அன்று ஒட்டிலி சூப் பில்லின் பின்புறம் வகுத்துப் பார்த்தாள். புர்கிக்கு ஒரு நாளுக்கு ஏழு யூரோ பதினாறு சென்ட். மழையில் நனைந்து, முட்டியைக் கெடுத்துக்கொண்டு, ஐந்து மலையும் அலைந்து நாற்பத்தொன்பது நாள் சறுக்கிய தனக்குப் பதினாலு யூரோ ஆறு சென்ட்.

பேனாவை மூடி வைத்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே உருகும் பனியைப் பார்த்தாள்.

"எங்கம்மாவும் ஒரு நாலு வருஷம் முன்னாடியே கல்யாணம் பண்ணியிருக்கலாம்."