படத்துக்கு முன்னால் ஒரு தம்ளர்

சாரல் சீசனில் குற்றாலத்து மண்டபம் ஒன்றில், மெக்சிகோ மக்களின் கலையையும் வாழ்க்கையையும் பற்றி ஒரு கண்காட்சி நடத்தினோம். அந்த மண்டபத்து வாட்ச்மேன் ஒல்லியான, நரைத்த மீசைக்காரர். கையில் துடைப்பத்தோடு வந்தாலும் எந்த அறைக்குள்ளும் செருப்பை வாசலில் கழற்றாமல் நுழைய மாட்டார்.

செத்துப்போனவர்களுக்கு அந்த நாட்டார் வீட்டில் வைக்கும் படையலை நான்தான் அமைத்தேன். கேந்திப்பூ மாலை, ரொட்டி, ஒரு கண்ணாடித் தம்ளர், நடுவில் ஒரு கிழவரின் படம். ‘தொலைவிலிருந்து தாகத்தோடு வருகிறவர்களுக்குத் தண்ணீர்’ என்று ஆங்கிலத்தில் ஓர் அட்டையும் எழுதி ஒட்டினேன்.

வாட்ச்மேன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இவிய பேரு என்ன சார்?”

“தெரியாது அண்ணாச்சி. நெட்ல எடுத்த படம். சும்மா காட்சிக்குத்தான்.”

“பேரு தெரியாம எப்பிடி சார் கூப்பிட?”

நான் சிரித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

நான்காம் நாள் காலையில் தம்ளர் நிறையத் தண்ணீர் இருந்தது. கீழே விரித்திருந்த வண்ணக் காகிதம் நனைந்துவிடுமே என்று எனக்குக் கோபம்.

“இதுல யாரு தண்ணி ஊத்துனது?”

“நான்தான் சார். வெறும் தம்ளரால்லா இருந்துச்சு. அம்புட்டு தூரத்துலேந்து வருதாவ, தண்ணியாவது வைக்க வேண்டாமா?”

அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது. அட்டையை எழுதிய நான்தான் மூன்று நாளாக வெறும் தம்ளரை வைத்திருந்தேன்.

கண்காட்சி முடிந்ததும் அந்தக் கிழவரின் படத்தைக் கிழித்துப் போட மனம் வரவில்லை. இன்னும் என் மேஜை டிராயரில், கவிழ்த்தே வைத்திருக்கிறேன்.