சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போன வேணி

பால்வண்ணம் அண்ணாச்சி காலமான செய்தி, ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில், ஒரு காலை வணக்க ரோஜாவுக்கும் மூட்டுவலிக் கஷாயத்துக்கும் நடுவே வந்தது. நான் பல் துலக்கி முடிப்பதற்குள் அதன் கீழே கூப்பிய கைகள் வரிசையாக நின்றன. ஒருவர் அவசரத்தில் கைதட்டலை இட்டுவிட்டுப் பிறகு திருத்திக்கொண்டார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காப்பி குடித்தேன். சூடாக இருந்தது.

அண்ணாச்சி கோவில்பட்டித் தந்தி அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேஜைக்காரர். சிறுவர்களுக்காக 'இலக்க நகரம்' என்ற நாவலை எழுதியவர். இந்தப் பக்கத்துப் பள்ளி நூலகங்களில் அட்டை பிய்ந்து, பைண்டு செய்யப்பட்டு, மறுபடியும் பிய்ந்த புத்தகம் அது.

அது பிறந்தது எங்கள் மேஜையில்தான். வாழ்த்துத் தந்திக்கு எண்கள் உண்டு. எண்ணை அனுப்பினால் போதும், மறுமுனையில் வாசகம் தயாராக இருக்கும். இரங்கலுக்கும் ஓர் எண் இருந்தது. ஒருநாள் புதூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார்.

"சித்தப்பா தவறிட்டாவ சார். இந்த நம்பரப் போட்டா நான் அழுததா ஆயிருமா?"

"ஆயிரும்," என்றார் அண்ணாச்சி.

"அப்ப நான் போக வேண்டாம்லா?"

அண்ணாச்சி பேனாவை மூடினார். "நல்லதுக்குச் சொன்னாத்தான் போணும், கெட்டதுக்குச் சொல்லாமலே போணும். பஸ்ஸப் பிடியும்வே."

அரசாங்கத்துக்கு ஒரு தந்தி நட்டம். தமிழுக்கு ஒரு நாவல் வரவு.

நாவலில் வரும் நகரத்தில் பேச்சு சட்டப்படி எண்களாகிவிட்டது. பசிக்கு ஓர் எண், நன்றிக்கு ஓர் எண். யாராவது இறந்தால் எல்லார் வீட்டுச் சுவரிலும் விளக்கு எரியும். இருந்த இடத்திலிருந்தே ஒரு பொத்தானை அழுத்துவார்கள், துக்கம் முடிந்தது. வேணி என்ற சிறுமி மட்டும் தோழியின் அப்பா இறந்தபோது தெருவைக் கடந்து அந்த வீட்டுக்குப் போகிறாள். என்ன சொல்வதென்று தெரியாமல் தோழியின் அம்மாவிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறாள். பக்கத்தில் உட்காருகிறாள். பிறகு சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகிறாள். கதை அவ்வளவுதான்.

சிறுவர் நூலில் இது மரியாதைக் குறைவு என்று கருதிய சென்னைப் பதிப்பாளர், அண்ணாச்சியைக் கேட்காமலே கடைசியில் ஒரு வரி சேர்த்துவிட்டார்: 'போய் வருகிறேன் அம்மா என்று வேணி கைகூப்பினாள்.'

"கேத வீட்டுல எவளாவது போயிட்டு வாரேன்னு சொல்லுவாளாவே? திரும்ப இன்னொரு சாவுக்கா வாரா?" என்று அண்ணாச்சி கத்தியதில் தந்திக் கருவியே நின்றது.

அதன்பின் எந்த ஊர் நூலகத்துக்குப் போனாலும் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டுத்தான் திரும்புவார். எப்போதும்வென்றான் என்ற ஊரில் நூலகர் அம்மையார் கையும் களவுமாகப் பிடித்தார்.

"இந்த வயசுல புத்தகத்துல கிறுக்குதீங்களே!"

"எழுதினதே நான்தாம்மா."

"எழுதத் தெரிஞ்சவிய எதுக்குக் கிறுக்கணும்?"

அண்ணாச்சி மன்னிப்புக் கேட்டார். அடித்த வரி அடித்தபடி இருந்தது.

சென்ற ஆண்டு என் கைப்பேசியைக் காட்டிச் சொன்னார்: "கதைன்னுதான் எழுதினேன். ஆளுக்கொரு பொத்தான் வாங்கிட்டானுவ. நான் போனா அந்தக் கும்பிடுத படத்த அனுப்பக் கூடாதுவே. வந்து உம்ம மதினி பக்கத்துல செத்த நேரம் இரும்."

போனேன். வெளிநாட்டு மகனுக்காக அண்ணாச்சி கண்ணாடிப் பெட்டியில் காத்திருந்தார். பந்தலில் நாற்காலிகள் பெரும்பாலும் காலியாக இருந்தன. அண்ணாச்சியின் மனைவி, என் மதினி, பக்கத்தில் அவர் கைப்பேசி அணைந்து அணைந்து எரிந்தது.

"காலையிலேருந்து இதுதான் தம்பி. எல்லாம் கும்பிடுது, ஆளத்தான் காணோம்," என்றார் மதினி.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியம் வரவில்லை.

"சாப்பிட்டீங்களா மதினி?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதன் பிறகுதான் அழுதார். நான் உட்கார்ந்திருந்தேன்.

வெயில் தாழ்ந்ததும் எழுந்தேன். செருப்பை மாட்டும்போது, பழக்க தோஷத்தில், பதிப்பாளரின் வரி நாக்கு நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன். மதினியிடம் சொல்லவில்லை. அண்ணாச்சியிடமும் சொல்லிக்கொள்ளாமல் தெருவில் இறங்கினேன்.