பினாங்கில் ஒரு ரூம்

இன்று மத்தியானம் என் பேத்தி நிஷா, பினாங்குத் தீவில் எங்கே தங்கலாம் என்று போனில் தேடிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் நாங்கள் இரண்டு பேரும் போகிறோம்.

கடலோரத்தில் நீச்சல்குளம் வைத்த ஓட்டல் ஒன்றைக் காட்டினாள்.

"குளிக்க இங்கேயே ஆறு இருக்கு. நான் சொன்ன பழைய கடைத்தெருவுல பாருடி" என்றேன்.

அந்தத் தெருப் பேர் மட்டும்தான் எனக்குத் தெரியும். குத்தகைத் தகராறில் குடவாசல் நிலம் கைவிட்டுப் போனதும், என்னைப் பெத்த அத்தா கப்பலேறி அங்கே ஒரு கடைக்கு வேலைக்குப் போனாங்க. என் படிப்பு அஞ்சாவதோடு நின்றது. அத்தா திரும்பவில்லை, மௌத்தான செய்திதான் வந்தது. எங்கே அடக்கினார்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை. விசாரித்துக்கொண்டு நிற்பது எங்க வீட்டுப் பழக்கமில்லை.

அதே தெருவில் பழைய கடைவீட்டை ஓட்டலாக்கியிருந்தார்கள். தங்கினவர்கள் எழுதியதைப் படித்த நிஷாவுக்கு முகம் மாறிவிட்டது.

"வேணாம் நன்னி. ராத்திரியில ரூம் வாசல்ல யாரோ கனைக்கிறாங்களாம். கதவைத் திறந்தா ஆளில்லையாம்."

அத்தா எந்த வீட்டுக்குப் போனாலும் கனைத்துவிட்டு வாசலிலேயே நிற்பாங்க, உள்ளே பொம்பளைங்க முக்காடு போட்டுக்கட்டும் என்று.

"அதையே போடு."

"பேய் நன்னி."

"பேயா இருந்தா கேக்காமலே உள்ள வந்திருக்கும்."

ரூம் போட்டாச்சு. அங்கே தங்கிய யாராவது இதைப் படித்தால் சொல்லுங்க. கனைப்புக் கேட்டு அத்தனை பேர் பயந்தீங்களே, "உள்ள வாங்க"ன்னு ஒருத்தராவது சொன்னீங்களா?